எட்டும் பின்பக்க போல்ட்டும்

கார் இன்ஜினை வரைகிறவர்களுக்குக் கண் உண்டு, சுழல் நாற்காலி உண்டு, வேளைக்கு வேளை காப்பி உண்டு, கை மட்டும் கிடையாது என்பது மெக்கானிக் எட்டின் தீர்மானமான அபிப்பிராயம். கை என்று ஒன்று இருந்திருந்தால் அதை ஒரு தடவையாவது இன்ஜினுக்கும் அதன் பின்னால் நிற்கும் தகரச் சுவருக்கும் நடுவில் விட்டுப் பார்த்திருப்பார்கள். விட்டுப் பார்த்திருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் போல்ட்டைக் கொண்டுபோய் அந்த இருட்டுச் சந்தில் ஒளித்து வைத்திருக்க மாட்டார்கள்.

"எங்க வைக்கக் கூடாதோ அங்க தேடித் தேடி வைக்கிறானுங்க. இதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு பட்டம்" என்பார், பானெட்டுக்குள் தலையை விட்டபடியே. வெளியே நிற்கும் கார்க்காரர் தலையாட்டுவார். அந்தக் கார்க்காரர் மீதும் எட்டுக்கு மரியாதை கிடையாது. இப்படிப்பட்ட வண்டியைக் காசு கொடுத்து வாங்கினவன்தானே இவன்.

எட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் அடியோடு இல்லாததால், மிச்சம் இருக்கிற விரல்களை எண்ணி, அதே வீதியில் பட்டறை வைத்திருந்த மற்றவர்கள் வைத்தது இது. "எட்டாத போல்ட்டா? எட்டைக் கூப்பிடு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தாலும் கூப்பிட்டார்கள். மூன்று விரல் கொண்ட அந்த ஒடுங்கிய கை, அவர்களுடைய கொழுத்த கை மாட்டிக்கொண்டு முழிக்கும் சந்துகளில் பாம்பு மாதிரி நுழைந்து திரும்பும்.

விரல் போன கதையை அவர் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார். முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் வண்டியைக் கிளப்பிவிட்டார் என்பது ஒன்று. கூட வேலை செய்த தூங்குமூஞ்சி சாவியைத் திருப்பிவிட்டான் என்பது இன்னொன்று. எல்லாக் கதையிலும் ஒரு முட்டாள் உண்டு, அந்த முட்டாள் எப்போதும் வேறு யாரோ. உண்மை தெரிந்தவள் அவர் மனைவி ஒருத்திதான். அவள் அப்போது மருந்துக் கடையில் வேலை பார்த்தாள், இப்போதும் அங்கேதான். இருபத்திரண்டு வயதில் கட்டுத்துணி வாங்க வந்தவரிடம், "ஓடுற ஃபேனுக்குள்ள கையை விட்டா அது கொஞ்சுமா?" என்று கேட்டாள். ஓடுகிற இன்ஜினில் பெல்ட்டைத் தொட்டுக் காட்டுகிறேன் பார் என்று நாலு பேர் முன்னால் பந்தா பண்ணியதை அவர் அவளிடம் மட்டும் ஒப்புக்கொண்டார். ஏன் ஒப்புக்கொண்டார் என்று அவருக்கே புரியவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டார்.

முப்பது வருஷமாக அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று. எதையும் கழற்றாமல் கழற்றுவது. ஒரு போல்ட்டை எடுக்க அதற்கு முன்னால் இருக்கிற பத்து சாமான்களைப் பிரித்துப் பரப்புகிறவன் மெக்கானிக்கே அல்ல, பழைய இரும்புக்காரன். அவருடைய தகரக் கொட்டகையின் ஒரு பக்கம் டயர் கடை, மறு பக்கம் கண்ணாடி வெட்டுகிறவர். நடுவில் மூன்று கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். சுவரில் தொங்கும் ஸ்பேனர்களில் ஒன்றுகூட பிறந்த வடிவத்தில் இல்லை. ஒன்றைப் பாதியில் அறுத்திருப்பார், இன்னொன்றைச் சூடு காட்டி வளைத்திருப்பார், மூன்றாவதன் முனையில் கம்பியைப் பற்றவைத்திருப்பார். மேஜைமேல் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய போல்ட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஆக்ஸா பிளேடால் குறுக்கே ஒரு கீறல் போட்டு வைப்பது அவர் வழக்கம். ஸ்பேனர் சுழல இடமில்லாத சந்தில் அந்தக் கீறலில் நீளத் திருப்புளியை வைத்து நாலு சுற்று சுற்றிவிடலாம். இந்த யோசனை படித்தவன் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

அவர் வெறுப்பை எல்லாம் ஓர் இடத்தில் குவித்து வைத்துக்கொள்ள வசதியாக மனைவிக்கு ஒரு தம்பி இருந்தான். இரண்டு வீதி தள்ளி, முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட பெரிய சர்வீஸ் நிலையத்துக்கு அவன் மேனேஜர். கழுத்தில் டை. கோடை வெயிலிலும் டை. அதனாலேயே எட்டு அவனை 'டை' என்றுதான் சொல்வார். அங்கே தரை பளபளக்கும், வேலைக்காரர்கள் நீலச் சட்டை போட்டிருப்பார்கள், காத்திருப்பவர்களுக்கு மீன் தொட்டி உண்டு. "வண்டியைப் பாக்குறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரைப் பாக்குறானுங்க. கம்ப்யூட்டர் இருமச் சொன்னா இவனுங்க இருமுவானுங்க" என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது அவன் முகத்துக்கு நேராகவே சொல்வார். டை சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பான். அவன் கோபப்படாததும் எட்டுக்கு இளக்காரம்தான். சொரணை கெட்ட ஜென்மம்.

அந்த டை ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கொட்டகை வாசலில் வந்து நின்றான். பளபளப்பான காலணி க்ரீஸில் படாதபடி இரண்டு கல்லின் மேல் கால் வைத்து நின்றுகொண்டு கூப்பிட்டான்.

"மாமா, கொஞ்சம் வரணும்."

எட்டு திரும்பவே இல்லை. "என்ன, மீன் செத்துப் போச்சா?"

"ஒரு வண்டி மாமா. ஸ்டார்ட்டர் மோட்டார் போயிடுச்சு. கீழ் போல்ட்டை எடுத்துட்டோம். மேல் போல்ட்டு வரமாட்டேங்குது. தலை வேற மழுங்கிடுச்சு."

"மழுங்கிடுச்சா, மழுக்கிட்டீங்களா?"

"ரெண்டும்தான் மாமா. வண்டிக்காரர் ஒரு மணிக்கு ஊருக்குக் கிளம்பணும். மாடியில உக்காந்துகிட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மணியைப் பாக்குறாரு."

"உங்ககிட்டதான் பெரிய பெரிய மிஷினெல்லாம் இருக்கே."

"அக்கா என்ன சொல்றாங்கன்னா, இன்ஜினை முன்னாடி சாய்ச்சு, மேல இருக்கிற குழாயெல்லாம் கழட்டிட்டு எடுக்கலாம்னு. எல்லாத்தையும் கழட்டி மாட்ட மூணு நாலு மணி நேரம் ஆகும்."

அக்கா என்று அவன் சொன்னது எட்டின் மனைவியை அல்ல. கண்ணாடிக் கட்டடத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணை. நாற்பது வயதிருக்கும். முன்பு ஏதோ தண்ணீர் பம்ப் தொழிற்சாலையில் இருந்து வந்தவள் என்று எட்டு கேள்விப்பட்டிருந்தார். நீலச் சட்டைக்காரர்கள் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

"சாய்ச்சு, கழட்டி, பிரிச்சு, பரப்பி" என்று எட்டு இழுத்தார். "ஏன், வண்டியையே உருக்கிட்டா போல்ட்டு தானா வந்துடுமே." பிஸ்கட் டின்னையும் வளைந்த ஸ்பேனர் நாலையும் எடுத்துத் தன் பெட்டியில் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது அவர் முகத்தில் இருந்தது சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ரொம்ப நாளாகக் காத்திருந்தது கிடைத்தவனின் முகம் அது.

போகிற வழியில் இடது கையின் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். ஒரு வருஷமாகவே காலையில் விரல் முட்டிகள் தடித்துப்போய் வலித்தன. மனைவி மாத்திரை கொண்டுவந்து தருவாள். "முட்டி வீங்குது, சந்துல பொந்துல கையை விடாதீங்க" என்றும் சொல்லியிருந்தாள். வீதியில் வேறு யாருக்கும் தெரியாது.

கார் சாம்பல் நிறத்தில் இருந்தது. பானெட் திறந்து கிடந்தது. அக்கா கையைத் துணியில் துடைத்தபடி பக்கத்தில் நின்றாள்.

"வாங்கண்ணே" என்றாள். "பின்னாடி பக்கம் ரெண்டு குழாய் குறுக்க போகுது. இடம் ரொம்பக் கம்மி. போல்ட்டு நேரா உக்காரலைன்னு தோணுது, கொஞ்சம் சாஞ்சு ஏறியிருக்கு. நான் சொல்றது, இன்ஜினைத் தாங்குற மவுண்டிங்கைக் கழட்டிட்டு..."

"நீ சொன்னது காதுல விழுந்துச்சும்மா. நீ அந்தப் பக்கம் நில்லு, வெளிச்சம் மறைக்குது."

அவள் நகர்ந்து நின்றாள். எட்டு சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, பக்க விளிம்பில் வயிற்றை அழுத்திப் படுத்து, இடது கையை இன்ஜினுக்குப் பின்னால் இறக்கினார். முதல் குழாயைத் தாண்டியது. இரண்டாவது குழாயைத் தாண்டியது. ஒரு தகர முனையில் முட்டிகள் நின்றன. அவர் மூச்சை விட்டுக் கையை ஒரு திருப்பு திருப்பி உள்ளே தள்ளினார். தோல் உரிந்தது. கை உள்ளே போய்விட்டது. விரல் நுனிகள் போல்ட்டின் தலையைத் தொட்டன.

"தொட்டுட்டேன்" என்றார், மூன்று நீலச் சட்டைகளுக்கும் ஒரு டைக்கும் கேட்கும்படி. "நாலு பேர் ஒரு மணி நேரமா சுத்தி நின்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. நான் அரை நிமிஷத்துல தொட்டுட்டேன்."

"அதுக்குத்தான் மாமாவைக் கூப்பிட்டேன்" என்றான் டை.

வலது கையால் வளைந்த ஸ்பேனரை உள்ளே அனுப்பி இடது கையில் வாங்கினார். மாட்டினார். வழுக்கியது. வேறு அளவைக் கேட்டார். அதுவும் வழுக்கியது. போல்ட் இந்த இடத்துக்கு உரிய அளவே அல்ல என்று விரலுக்குத் தெரிந்தது.

"எந்தப் பிரகஸ்பதி மாட்டினான்டா இதை?" என்று எட்டு ஆரம்பித்தார். "இந்த வண்டிக்கு உண்டான போல்ட்டே இல்லை இது. எங்கயோ தெருவுல கிடந்ததை எடுத்துச் சொருகியிருக்கான். அதையும் கோணலா ஏத்தி, முறுக்கி, மரையைக் கெடுத்து வச்சிருக்கான். இவனெல்லாம் கையில ஸ்பேனர் பிடிக்கலாமா? மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லை, மாடு இவனை மேய்ச்சுட்டு வந்துடும்."

நீலச் சட்டைகள் சிரித்தன. டை சத்தமாகச் சிரித்தான். சபை களை கட்டிவிட்டது. எட்டு அந்த முகம் தெரியாத மெக்கானிக்கின் தொழிலை, அவனுக்குத் தொழில் கொடுத்தவனை, அவனிடம் வண்டியை விட்டவனை எல்லாம் ஒரு பிடி பிடித்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஸ்பேனர் மறுபடி வழுக்கியது. சரி, கையை வெளியே எடுத்து வேறு ஒன்றை வளைத்துக்கொண்டு வரலாம் என்று இழுத்தார்.

கை வரவில்லை.

திருப்பி இழுத்தார். தகர முனை முட்டிகளைக் கவ்வியிருந்தது. உள்ளே போகும்போது ஒடுங்கிய கை, ஸ்பேனரை அழுத்திப் பிடித்து அழுத்திப் பிடித்து இப்போது உப்பிப் போயிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. யோசிப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை முயன்றார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லை. யோசிக்கிறேன்."

ஐந்து நிமிஷம் யோசித்தார். பிறகு அக்காதான் குனிந்து பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

"கை மாட்டிக்கிச்சாண்ணே?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. டை பதறிப்போய் அங்கும் இங்கும் நடந்தான். சோப்புத் தண்ணீர் ஊற்றலாமா என்றான். எண்ணெய் ஊற்றினார்கள், பலிக்கவில்லை. "தீயணைப்புக்குப் போன் பண்ணட்டுமா மாமா?" என்று கேட்டான். "பண்ணு. அப்படியே பேப்பர்காரனுக்கும் பண்ணு" என்று எட்டு பல்லைக் கடித்தார்.

அக்கா யாரையும் கேட்கவில்லை. ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தாள். ஒரு மரக்கட்டையை ஜாக்கியின் மேல் வைத்து இன்ஜினுக்கு அடியில் தாங்கல் கொடுத்தாள். "மவுண்டிங்கைக் கழட்டி இன்ஜினை ரெண்டு இஞ்ச் முன்னாடி சாய்க்கிறேன்ணே. இடம் கிடைச்சுடும். முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு ஸ்டூல் போடுறேன், உக்காருங்க" என்றாள். ஸ்டூலைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் போட்டாள். ஒரு கை இன்ஜினுக்குள், கன்னம் தகரச் சுவருக்குப் பக்கத்தில், எட்டு உட்கார்ந்தார். இன்ஜினோடு சேர்த்துத் தைத்த பொத்தான் மாதிரி. யாரோ தேநீர் கொண்டுவந்து வலது கையில் கொடுத்தார்கள். அந்தத் தேநீரை வாங்கியதைவிடப் பெரிய அவமானம் அதுவரை அவர் வாழ்க்கையில் நடந்ததில்லை.

வேலை இல்லாத விரல் சும்மா இருக்காது. உள்ளே மாட்டிக்கொண்ட மூன்று விரல்களும் போல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தன. தலை மழுங்கியிருந்தது. அடியில் ஒன்று அல்ல, இரண்டு வாஷர் இருந்தன. போல்ட் நீளம் அதிகம், அதனால் இட்டு நிரப்பியிருக்கிறான், முட்டாள். கீழ் வாஷரின் ஒரு ஓரம் வட்டமாக இல்லை. பக்கத்து மேட்டில் இடிக்காமல் இருக்க அரத்தால் ராவித் தட்டையாக்கியிருக்கிறான். இந்த அளவுக்கு யோசித்தவன் சரியான போல்ட்டை வாங்கிப் போட்டிருக்கலாம் அல்லவா? விரல் மறுபடி மேலே வந்து தலையின் முகப்பைத் தடவியது.

குறுக்கே ஒரு கீறல்.

எட்டு தேநீரைக் குடிப்பதை நிறுத்தினார்.

கண்ணுக்கு நாலு விரற்கடை தூரத்தில் தகரச் சுவரின் மடிப்பு தெரிந்தது. அங்கே சாம்பல் நிறப் பெயின்ட் பெயர்ந்து, அடியில் பச்சை தெரிந்தது. பச்சை வண்டி. அவருக்கு எல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாள். கொட்டகை ஒழுகிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை. உண்மையான போல்ட் கை நழுவி எங்கோ உள்ளே விழுந்துவிட்டது. தேடப் பொறுமையில்லை. டின்னில் கையை விட்டு அகப்பட்டதை எடுத்து, இரண்டு வாஷரைக் கோத்து, மரை சரியாகச் சேராததைத் தெரிந்துகொண்டே திருப்புளியால் ஏற்றி, "ஓடும், போ" என்று அனுப்பிய பச்சை வண்டி. அந்த ஆள் பிறகு யாருக்கோ விற்றிருக்க வேண்டும். வாங்கினவன் பெயின்ட்டை மாற்றியிருக்க வேண்டும்.

"எனக்கு என்ன ஆத்திரம்னா மாமா" என்று டை பக்கத்தில் வந்து ஆரம்பித்தான். மாமாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துவிட்டான் பாவம். "நீங்க சொன்ன மாதிரி, இதை மாட்டினான் பாருங்க ஒரு அரைவேக்காடு, அவனாலதான் இவ்வளவும். சரியான தண்டச்சோறு."

எட்டின் விரல் அந்தக் கீறலை மறைத்துக்கொண்டது.

"மண்டையில களிமண்ணு. நாலு காசுக்கு ஒரு நல்ல போல்ட்டு வாங்கிப் போடத் துப்பில்லை. அவனைப் பிடிச்சு, ரெண்டு விரலையாவது வெட்டி..." என்றவன், தான் எங்கே போய் நிற்கிறோம் என்பதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. உங்களைச் சொல்லலை."

நீலச் சட்டைகளில் ஒருவன் தொடர்ந்தான். "இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் பட்டறை வைக்கவே விடக் கூடாது சார். பத்து நிமிஷமா அண்ணன் திட்டினதுல தப்பே இல்லை."

"போதும்டா" என்றார் எட்டு.

எல்லோரும் பார்த்தார்கள்.

"அவனுக்கு என்ன கஷ்டமோ. மழை பெஞ்சிருக்கும். பசியில இருந்திருப்பான். உண்டான போல்ட்டு உள்ள விழுந்திருக்கும். இந்த இடத்துல கையை விட்டு வேலை செஞ்சவனுக்குத்தான் தெரியும். சும்மா நின்னுக்கிட்டு ஆளாளுக்கு நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசாதீங்க."

டை வாயைத் திறந்து மூடினான். மாமா ஒரு மனிதனுக்காகப் பரிந்து பேசி அவன் பார்த்ததே இல்லை. வலி மண்டைக்கு ஏறிவிட்டதோ என்று அவனுக்குப் பயமாகிவிட்டது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த அக்காவின் கை மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி ஸ்பேனரைத் திருப்பத் தொடங்கியது.

அவள் சொன்ன முக்கால் மணி நேரம் நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. ஜாக்கியை மெல்ல மெல்ல ஏற்றினாள். இன்ஜின் ஒரு முனகலோடு முன்பக்கம் சாய்ந்தது. "இப்ப இழுங்கண்ணே, அவசரப்படாம" என்றாள். கை வந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, இரண்டு முட்டியில் தோல் இல்லாமல், எண்ணெயும் ரத்தமுமாக வந்தது. டை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அக்கா நேரத்தை வீணாக்கவில்லை. கிடைத்த இரண்டு அங்குல இடத்தில் நீளமான எக்ஸ்டென்ஷன் ராடை விட்டாள். அதன் முனையில் மழுங்கின தலையைவிடக் கொஞ்சம் சின்ன சாக்கெட். மறுமுனையில் சுத்தியால் நாலு தட்டு தட்டி அதைப் போல்ட்டின் தலையில் இறுக்கினாள். பிறகு திருப்பினாள். கிரீச்சென்று ஒரு சத்தம். அரைச் சுற்று, ஒரு சுற்று, அப்புறம் லேசாக வந்தது. உள்ளங்கையில் போல்ட்டை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். மோட்டாரை மாற்றச் சொல்லி நீலச் சட்டைகளுக்குக் கைகாட்டினாள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு வாஷர். ஒன்றில் ராவின ஓரம். தலையில் கீறல். எட்டு ஸ்டூலில் உட்கார்ந்து வீங்கின கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பெட்டி காலடியில் திறந்து கிடந்தது. பிஸ்கட் டின்னின் மூடி விலகி, உள்ளே ஐம்பது அறுபது போல்ட்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே மாதிரி கீறலோடு, வரிசையில் நிற்கும் சாட்சிகள் மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் போல்ட்டைப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள். டை அந்தப் பக்கம் போனில் வண்டிக்காரரிடம் ஏதோ குழைந்துகொண்டிருந்தான். அவள் குனிந்து போல்ட்டை டின்னுக்குள் போட்டு மூடியை அழுத்தினாள்.

"உங்க சாமான் விட்டுப் போச்சுண்ணே" என்றாள். குரலில் குத்தல் இல்லை. சிரிப்பும் இல்லை.

அதுதான் எட்டால் பொறுக்க முடியாததாக இருந்தது. அவள் சத்தம் போட்டிருக்கலாம். நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். அவராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார், ஒரு மாதம் வீதி முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார். இவள் வாயை மூடிக்கொண்டாள். பெரிய மனுஷி! வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அவளைத் திட்ட வார்த்தை தேடினார். முப்பது வருஷமாகக் கேட்டபோதெல்லாம் கொட்டிய வாய், அன்றைக்கு ஒரு சொல்கூடத் தரவில்லை.

மனைவி ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டாள். தம்பி போன் பண்ணியிருந்தான். கைப்பையிலிருந்து களிம்பு, பஞ்சு, கட்டுத்துணி எல்லாவற்றையும் எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பினாள். அவர் கையை இழுத்துத் துடைத்தாள். அவர் முகம் சுளித்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள்.

"தம்பி சொன்ன அந்த அம்மாதானே கையை எடுத்துவிட்டாங்க?"

"ம்."

"நன்றி சொன்னீங்களா?"

"அவ சம்பளத்துக்கு வேலை செய்றா."

"நீங்க எதுக்குச் செய்றீங்க, தர்மத்துக்கா?"

அவள் கட்டுத்துணியைச் சுற்றினாள். இல்லாத இரண்டு விரலின் அடியில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கம். சுற்றி முடிச்சுப் போடும்போது எட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அது நான் மாட்டின போல்ட்டு."

"தெரியும்."

"அவ உன் தம்பிகிட்ட சொல்லிட்டாளா?"

"அவங்க ஒண்ணும் சொல்லலை. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. 'அக்கா, மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, அந்த மெக்கானிக்கைத் திட்டாதீங்கடான்னு எங்களையே அதட்டுறாரு'ன்னு போன்ல அழாத குறையா சொன்னான். நீங்க ஒருத்தனை விட்டுக்கொடுக்காம பேசியிருக்கீங்கன்னா, அந்த ஒருத்தன் யாரா இருக்கும்?"

எட்டு அவளைப் பார்த்தார். அவள் மிச்சக் கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். உதட்டோரம் துடித்தது. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். மேஜையில் தலையைக் கவிழ்த்துத் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "ஒரு கையை இன்ஜினுக்குள்ள விட்டுக்கிட்டு, இன்னொரு கையில டீயா!" என்றாள். அவர் எழுந்து போய்விடலாம் என்று பார்த்தார். ஆனால் கட்டின் நுனியை அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதினைந்து நாள் கொட்டகை திறக்கவில்லை. முட்டிகளை இனிமேல் இப்படிக் கசக்கினால் மிச்சம் இருக்கிற விரலும் மடங்காது என்று மருத்துவர் சொன்னார். அந்த மருத்துவருக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று வாசல்வரை வந்து எட்டு மனைவியிடம் சொன்னார். கொட்டகையைத் திறந்ததும் முதலில் வந்த வண்டியில் பின்பக்கக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் பரப்பி வைத்துவிட்டு வேலை செய்தார். டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, நீயும் பிரிக்க ஆரம்பிச்சுட்டியா?" என்று கேட்டார். "உன் டயரைப் பாத்து ஊது போ" என்று பதில் வந்தது.

நாலைந்து மாதம் கழித்து ஒரு பெண்மணி தன் வண்டியோடு வந்தார். இன்ஜினின் பின்னாலிருந்து எண்ணெய் கசிகிறது. எட்டு விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். கையை உள்ளே கொண்டுபோனார். முதல் குழாய்க்கு முன்பே முட்டி நின்றுவிட்டது. கையை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு வீதி தள்ளி முகப்பெல்லாம் கண்ணாடி போட்டு ஒரு கட்டடம் இருக்கும்" என்றார். "உள்ள போனீங்கன்னா டை கட்டின ஒருத்தன் பல்லைக் காட்டிக்கிட்டு வருவான். அவன்கிட்ட பேசாதீங்க, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நீலச் சட்டை போட்டவனுங்க எல்லாம் தண்டம், கிட்டயே விடாதீங்க. அங்க ஒரு அம்மா இருக்காங்க. வண்டியை அவங்க கையில மட்டும் குடுங்க."

"அவங்க பேரு என்ன?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

எட்டுக்குத் தெரியவில்லை. கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதுவரை தோன்றவே இல்லை.

"போய் அக்கான்னு கூப்பிடுங்க" என்றார். "திரும்பிப் பாப்பாங்க."